முன்னாடி ஓட்டிப் பாக்காத பிரேக்

நேத்து சாயங்காலம் நீங்கல்லாம் சேந்து எனக்குப் பொன்னாடை போத்துனீங்க. ரொம்ப சந்தோஷம். நம்ம ஏழுமலை மைக்கைப் புடிச்சுக்கினு, "சின்னவன் பண்ண தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கினவரு எங்க முனிரத்தினம் அண்ணன்"னு சொன்னான் பாருங்க, அப்ப ஒரு கைத்தட்டு தட்டுனீங்களே, நம்ம மெக்கானிக் ஷெட்டு தகரமே அதிர்ந்துபோச்சு. நானும் கும்புடு போட்டுக்கினு, சிரிச்சுக்கினு, உக்காந்திருந்தேன்.

அந்தக் கதை பொய்யி, தம்பிங்களா. ஏழுமலை பொய் சொல்லல, அவன் கேட்டதைத்தான் சொன்னான். நான்தான் பதினாலு வருஷமா அதை மறுக்காம வுட்டு வெச்சிருக்கேன். தப்பு பண்ணவன் நானு. பழியைச் சுமந்தவன் இன்னொருத்தன். இன்னைக்குக் காலைல மொத பஸ்ஸைப் புடிச்சு அவனைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இப்ப உங்க முன்னாடி நடந்ததை நடந்தபடியே சொல்லிடறேன். நாளைக்கு நீங்க ஸ்பேனர் புடிக்கறப்ப இது உதவும். உதவாட்டியும் பரவால்ல, எனக்குச் சொல்லியாவணும்.

அப்ப நம்ம ஷெட்டு இங்க இல்ல. ஆரணி கோட்டை மைதானத்துக்குப் பின்னால, தறிக்காரங்க தெருவுல இருந்துச்சு. நான் ஹெட் மெக்கானிக். பட்டுப் புடவை வியாபாரம் பண்ற வூட்டுப் புள்ள குமரவேலுன்னு ஒருத்தரு. அவங்க அப்பா காலத்து மைனர் காரு ஒண்ணு வெச்சிருந்தாரு. உருண்டையா, ஆமை ஓடு மாதிரி முதுகு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஒம்போது வருஷம் அந்த வண்டியை என்னைத் தவிர வேற எவனும் தொட்டதில்ல. எந்த போல்ட்டு எத்தினி சுத்து போவும்னு கண்ணை மூடிக்கினு சொல்வேன். ஆர்.சி. புக்குல அவங்க பேரு, மத்தபடி அது என் வண்டிதான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கினு இருந்தேன்.

அப்பதான் தயாளன் வந்து சேந்தான். இருவத்தாறு, இருவத்தேழு வயசு. மெட்ராஸ்ல ரேஸ் ஓட்டறவங்க வண்டிங்களுக்கு வேலை பாத்தவன். சொந்த ஊரு கண்ணமங்கலம் பக்கம், அங்க அக்காவைக் கட்டிக் குடுத்திருந்தாங்க. அம்மாவுக்கு முடியலைன்னு மெட்ராஸை வுட்டுட்டு வந்தவனை முதலாளி நம்ம ஷெட்டுல சேத்துக்கினாரு.

வந்து மூணு மாசம் ஆவல. வர்றவனெல்லாம் "தயாளன் இருக்காரா?"ன்னு கேக்க ஆரம்பிச்சான். நான் முன்னாடியே நின்னுக்கினு இருப்பேன். என்னைத் தாண்டி எட்டிப் பாத்து, "தயாளன் இல்லியா? சரி, அப்பால வர்றேன்" அப்படின்னு போவான். அப்பால வர்றானாம்! பத்து வருஷமா என் கையால ஓடற வண்டிங்கடா அதெல்லாம்!

வயிறு எரிஞ்சுது. சும்மா சொல்லல, நெசமாவே எரிஞ்சுது, ஜெலுசில் வாங்கிக் குடிச்சேன். அவன் திமிரு புடிச்சவனா இருந்திருந்தா கூடத் தாங்கியிருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை "அண்ணே, அண்ணே"ம்பான். டீ வந்தா மொத கிளாஸை எனக்குத்தான் நீட்டுவான். அதுதான் இன்னும் பேஜாரு. ஒருத்தனை வெறுக்கறதுக்கு ஒரு காரணமாவது குடுக்க வேணாமா?

ஒரு நாளு குமரவேலு வந்தாரு. மெட்ராஸ்ல இதே மைனர் காரு ஒண்ணு பாத்துட்டு வந்திருக்காரு. முன்பக்கம் தாழ எறக்கி, பாயறதுக்குப் பதுங்கின மாதிரி நின்னுச்சாம். "நம்ம வண்டியும் அப்படி நிக்கணும். மூக்கை எறக்கணும். வேகமாப் போனா நிக்கறதுக்கு பிரேக்கையும் பெருசு பண்ணணும்"னாரு. யார்கிட்ட சொன்னாருன்றீங்க? ரேடியேட்டரைக் கழட்டிக்கினு நான் உக்காந்திருக்கேன். என்னைத் தாண்டிப் போயி தயாளன்கிட்ட சொன்னாரு. ஒம்போது வருஷம்! வண்டிக்காரரு என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல.

முதலாளிக்கு என் மொகம் புரிஞ்சுது. "மூக்கை தயாளன் பாக்கட்டும், பிரேக்கை முனிரத்தினம் பாக்கட்டும்"னு பிரிச்சுக் குடுத்தாரு. திங்கக்கிழமை காலைல வண்டி கெளம்பியாவணும். குமரவேலு தங்கச்சிக்கு வேலூர்ல நிச்சயதார்த்தம். மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி இந்த வண்டியிலதான் போயி எறங்கணும்னு அவருக்கு ஆசை.

அந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கு கெடையாது. அடியில நீளமா ரெண்டு இரும்புக் கம்பி, முறுக்கிக்கினு நின்னு வண்டியைத் தாங்கும். கம்பியோட முனையில பல்லு இருக்கும். ஒரு பல்லு தள்ளிப் போட்டா மூக்கு எறங்கும். சொல்றதுக்கு சுளுவு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எறங்கணும், அதுதான் கைவேலை. நான் பாக்கறேன், அவன் என்னா பண்றான்னு. என் வேலையைப் பாக்கறதை வுட்டுட்டு அவன் வேலையையே பாத்துக்கினு இருந்தேன்.

நம்மூர்ல சக்கரம் நேரா நிக்குதான்னு பாக்கறதுக்கு என்னா கட்டுவோம்? பட்டு நூலு. தறியில மிச்சம் வுழுந்த நூலை வாங்கி இழுத்துக் கட்டுனா தொய்யாது, அறுந்துபோவாது, முடி கனம்தான் இருக்கும். மெட்ராஸ்காரனுக்கு அது தெரியாது. சணல் கயிறைக் கட்டிக்கினு அளந்துக்கினு இருந்தான். நான் சொல்லல. அளவு தப்பட்டும்னு இருந்தேன். தப்புச்சு. சனிக்கெழமை சாயங்காலம் பாத்தா எடது பக்கம் அரை வெரலு அதிகமா எறங்கியிருக்கு. எனக்கு தீவாளி வந்த மாதிரி இருந்துச்சு. ஒண்ணும் பேசாம சைக்கிளை எடுத்துக்கினு வூட்டுக்குப் போனேன். அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்ட்டேன். "இன்னா இன்னைக்கு இவ்ளோ குஷி?"ன்னு எம் பொண்டாட்டி கேட்டா.

ஞாயித்துக்கெழமை வந்து பாத்தா பட்டு நூலைக் கட்டி வெச்சிருக்கான். எதிர் தறிக்காரரைக் கேட்டானாம், "கயிறு தொய்யுதுங்க, நல்லா இழுத்து நிக்கற மாதிரி எதுனா இருக்கா?"ன்னு. அவரே ஒரு கண்டு பட்டு நூலு குடுத்தாராம். அரை வெரலைக் கண்டுபுடிச்சு, மறுபடியும் கம்பியைக் கழட்டிக்கினு இருந்தான். "அண்ணே, நேத்து தப்பா எறக்கிட்டேன்ணே, நல்ல வேளை"ன்னு என்னைப் பாத்து சிரிச்சான். அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல.

அந்த ஞாயித்துக்கெழமை மத்தியானம்தான் நான் பிரேக்கை மாட்டுனேன். இங்கதான் கவனமா கேளுங்க.

அம்பாசடரோட பெரிய டிரம்மை லேத்துல கடைஞ்சு எடுத்துக்கினு வந்திருந்தோம். டிரம்மை உள்ளேருந்து அழுத்திப் புடிக்கற பிரேக் ஷூ, அதைத் தாங்கற பிளேட்டு எடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். போல்ட்டு ஓட்டையும் ஒண்ணுதான். ஆனா சக்கரம் முன்னாடி சுத்தறப்ப ஷூவையும் கூட இழுத்துக் கவ்விக்கற மாதிரி அதுல அமைப்பு. எடதை வலதுல மாட்டிட்டா எல்லாம் தலைகீழு. வண்டி பின்னாடி வர்றப்ப கப்புனு புடிக்கும். முன்னாடி போறப்ப பாதி புடிப்பு கூட இருக்காது. இது எனக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா அன்னைக்கு என் கண்ணு தயாளன் மேல. கம்பியை இந்தத் தடவை எங்க நிறுத்தறான், எங்க சறுக்குவான்னு கழுத்தை வளைச்சுப் பாத்துக்கினே போல்ட்டை முறுக்குனேன். கை தன்பாட்டுக்கு வேலை செஞ்சுது. முடிச்சுட்டு கையைத் தொடைச்சுக்கினு, "என் வேலை முடிஞ்சுது. உன்னுது?"ன்னு கேட்டேன். அவ்ளோ பெருமை.

திங்கக்கிழமை ஏழரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கெளம்பணும்னு ஏழு மணிக்கே குமரவேலு, அவங்க அம்மா, தங்கச்சி மூணு பேரும் வந்துட்டாங்க. மத்த சொந்தக்காரங்க பஸ்ஸுல முன்னாடியே போயிட்டாங்க.

அந்தத் தெருவுல காலைல எப்படி இருக்கும்னு உங்கள்ல பெரியவங்களுக்குத் தெரியும். தெரு நீளத்துக்கும் தறியில ஏத்தற பாவு நூலைக் கட்டியிருப்பாங்க. வீட்டுக்காரரு, பொண்டாட்டி, புள்ளைங்கன்னு ஆளுக்கொரு பக்கம் நின்னு பட்டு நூலை இழுத்துக் கட்டி, பிரிச்சு, சிக்கெடுத்துக்கினு இருப்பாங்க. ஒம்போது மணி வரைக்கும் சைக்கிளு கூட உள்ள வராது. அதுக்காக நாங்க காலைல வண்டி குடுக்கணும்னா ஷெட்டோட பின்வாசல் வழியா ரிவர்ஸ்ல ஏரிக்கரைச் சந்துல எறக்குவோம். பிரேக் டெஸ்ட்டும் அதுலயே முடிஞ்சுரும். வேகமா பின்னாடி வுட்டு ஒரு மிதி மிதிப்போம். நின்னுச்சுன்னா சரி. வருஷக்கணக்கா எங்க ஷெட்டு பழக்கம் இதுதான். சாதாரணமா ஷூ மட்டும் மாத்தற வண்டிக்கு அதுவே போதும். அன்னைக்கு மாட்டுனது ஷூ மட்டும் இல்ல, பிளேட்டோட.

நானே உக்காந்து ரிவர்ஸ்ல வுட்டு மிதிச்சேன். வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. குமரவேலு வாயைப் பொளந்துட்டாரு. "அண்ணே! இன்னா பிரேக்குண்ணே இது!"ன்னாரு. மூணு மாசத்துல மொத தடவையா என்னைப் பாத்து அண்ணேன்னாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு.

தயாளன் பக்கத்துல வந்து மெதுவா சொன்னான். "அண்ணே, பிளேட்டு புதுசு. ஏரிக்கரை வரைக்கும் முன்னாடி ஓட்டி ஒரு மிதி மிதிச்சுப் பாத்துடலாம்ணே. ரெண்டு நிமிஷம்."

நல்லா யோசிச்சுப் பாருங்க. அவன் கேட்டது நியாயம். நேரம் இருந்துச்சு. ஆனா குமரவேலு எதிர்ல, இப்பதான் அவரு என்னை மெச்சின நேரத்துல, இவன் என் பிரேக்கை சோதிக்கணுங்கறான். எனக்கு அப்படித்தான் காதுல வுழுந்துச்சு.

"ஏன்டா, முந்தாநேத்து அரை வெரலு தப்பா எறக்கினவன் நீ. எனக்கு பிரேக்கு சொல்லித் தர்றியா? ராகுகாலம் வருது, ஜல்தி ஏறு"ன்னேன். எல்லாரும் கேக்கற மாதிரிதான் சொன்னேன். அவன் மொகம் சுருங்கிப்போச்சு. புதுசா எறக்கின வண்டி ரோட்டுல எப்படிப் போவுதுன்னு பாக்க அவனையும் கூட வரச் சொல்லியிருந்தாரு குமரவேலு. முன்சீட்டுல ஏறி உக்காந்தான்.

எட்டரை மணிக்கு ஒரு லாரிக்காரன் வந்து சொன்னான். வேலூர் ரோட்டுல அஞ்சு மைலு தாண்டி உங்க வண்டி ரோட்டை வுட்டு கடலை போட்ட கொல்லிக்குள்ள எறங்கிடுச்சுன்னு.

அந்த நேரம் எனக்கு மொதல்ல என்னா தோணுச்சு தெரியுமா? சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. சந்தோஷம். ஒரே ஒரு நொடி. 'எறக்கினான் பாரு மூக்கை, கவுத்துட்டான்'னு. அப்புறம்தான் அந்தம்மா, அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் பயம்.

முதலாளியோட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கினு போனேன். வண்டி வேர்க்கடலைக் கொல்லியில நிக்குது. குறுக்க மாட்டு வண்டி திரும்பியிருக்கு. குமரவேலு மிதிச்சிருக்காரு, வண்டி நிக்கல. பக்கத்துல இருந்த தயாளன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டேரிங்கைப் புடிச்சுத் திருப்பி கொல்லியில எறக்கியிருக்கான். மாட்டுக்காரன் பொழைச்சான், எல்லாரும் பொழைச்சாங்க. அந்தம்மாவுக்கு மட்டும் மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. தங்கச்சியோட பஸ்ஸுல ஏத்தி ஆரணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. நிச்சயதார்த்தம் அன்னைக்கு நின்னுபோச்சு.

குமரவேலு தூரத்துல புளியமரத்தடியில தலையில கையை வெச்சுக்கினு உக்காந்திருந்தாரு. தயாளன் நெத்தியில ரத்தம். அதைத் தொடைக்கக்கூட இல்ல, ஜாக்கி போட்டு டிரம்மைக் கழட்டி வெச்சிருந்தான். நான் போனதும், "பாருங்கண்ணே"ன்னான்.

பாத்தேன். வலதுல எடது பிளேட்டு.

அவன் கத்தல. திட்டல. கொரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. நீங்களே சொல்லிடுங்க."

குமரவேலு எழுந்து வந்தாரு. "என்னாச்சு? எதனால நிக்கல?"ன்னு எங்க ரெண்டு பேரையும் பாத்து கேட்டாரு. பிளேட்டு மாறிடுச்சுங்க, என் தப்புன்னு சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? அந்த நேரத்துல எனக்கு இருந்த ஒரே நெனப்பு, இவன் முன்னாடி நான் தோக்கறதா அப்படிங்கறதுதான்.

தயாளன் என் மொகத்தையே பாத்துக்கினு இருந்தான். அப்பறம் அவரு பக்கம் திரும்பி, "முன்னாடி ஓட்டிப் பாக்காம வண்டியை வுட்டுட்டேங்க. அது என் தப்புங்க"ன்னான்.

அவன் பெரிய தியாகம் பண்றதா நெனச்சு சொன்ன மாதிரி தெரியல. அது அவன் மனசுல நெசமாவே இருந்துச்சு. நான் ரெண்டு வார்த்தை கத்துனதுக்கே அடங்கிட்டோமேன்னு. குமரவேலு கோவத்துல அவனை அறைஞ்சுட்டாரு. சாயங்காலம் முதலாளி அவனைக் கூப்ட்டு, நாளையிலேருந்து வராதன்னாரு. நான் அங்கியேதான் நின்னுக்கினு இருந்தேன். சீனியர்ங்கறதால என் பேச்சுக்கு அங்க மரியாதை இருந்துச்சு. பேசல. அவன் தன் ஸ்பேனருங்களைத் துணியில சுத்திக்கினு, "வர்றேண்ணே"ன்னுட்டு கண்ணமங்கலம் பஸ்ஸுக்குப் போனான்.

அவன் போயிட்டா வயித்தெரிச்சல் அடங்கும்னு நெனச்சேன். அடங்கல. 'என் தப்பு'ன்னு அவன் வாயில எவ்ளோ சுளுவா வந்துச்சு! எனக்கு வரலியே! அவன் கைவேலையைப் பாத்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு வார்த்தையைப் பாத்துப் பட்டேன் பாருங்க, அதுதான் பெருசு.

பத்தாம் நாளு தாங்க முடியல. குமரவேலு கடைக்குப் போனேன். பிளேட்டை மாத்தி மாட்டினது நான்தான், ஓட்டிப் பாக்கணும்னு அவன் கேட்டதுக்கு வேணாம்னதும் நான்தான்னு எல்லாத்தையும் சொன்னேன். அவரு எழுந்து வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கினாரு. "அண்ணே, நீங்க பெரிய மனுஷன்ணே. வேலை போன பையனுக்காகப் பழியை உங்க மேல போட்டுக்கறீங்களே. எனக்குத் தெரியாதா உங்க கை? ஒம்போது வருஷம் பாத்திருக்கேன்"ன்னாரு. கடையில இருந்தவங்கல்லாம் என்னைப் பாத்தாங்க. இல்லீங்க, நெசந்தாங்கன்னு ரெண்டாந்தரமும் சொன்னேன். மூணாந்தரம் சொல்லியிருக்கணும். அவங்க பாத்த பார்வை நல்லா இருந்துச்சு, தம்பிங்களா. சொல்லாம வுட்டுட்டேன். நேத்து மைக்குல வந்த கதை அங்கதான் பொறந்துச்சு.

மறுபடியும் மெட்ராஸுக்கே போயிட்டிருந்த தயாளன், ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்து கண்ணமங்கலத்துல, வேலூர் ரோட்டுமேலயே ஷெட்டு போட்டான். வேலூருக்குப் பஸ்ஸுல போறப்பல்லாம் நான் எடது பக்கம் ஜன்னலோரமாத்தான் உக்காருவேன். அவன் ஷெட்டுல எத்தினி வண்டி நிக்குதுன்னு எண்ணறதுக்கு. நாலு நின்னா அன்னைக்குப் பூரா மனசு சரியில்லாம இருக்கும். ஒருநாளு கூட எறங்கினதில்ல.

இன்னைக்குக் காலைல எறங்கினேன். தலை நரைச்சுப்போச்சு அவனுக்கு. நெத்தியில அந்தத் தழும்பு அப்படியே இருக்கு. "அண்ணே!"ன்னு ஓடி வந்தான், நேத்துதான் பிரிஞ்ச மாதிரி. பொன்னாடையைப் பையில எடுத்துக்கினு போயிருந்தேன். அதைக் குடுத்து, அந்தக் கைத்தட்டைப் பத்தி சொன்னேன். "நான் குமரவேலுகிட்ட சொன்னேன்டா. சத்தியமா சொன்னேன். அவருதான் நம்பல"ன்னேன்.

"எப்பண்ணே சொன்னீங்க?"

"பத்தாம் நாளு."

கையில இருந்த வேஸ்ட்டு துணியால வெரலு ஒவ்வொண்ணாத் தொடைச்சான். "எட்டு நாளு அக்கா வூட்லதாண்ணே இருந்தேன். ஆரணி பஸ்ஸு வர்றப்பல்லாம் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பேன். நீங்க எறங்குவீங்கன்னு. ஒம்பதாம் நாளு மெட்ராஸுக்கு வண்டி ஏறிட்டேன்"ன்னான்.

அப்புறம் டீ சொன்னான். மொத கிளாஸை எனக்குத்தான் நீட்டுனான். பொன்னாடையை மடிச்சு என் பையிலயே திருப்பி வெச்சுட்டான்.

கெளம்பறப்ப, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வுட்டுட்டு வர்றேண்ணே"ன்னு வேலை முடிஞ்ச அம்பாசடர் ஒண்ணை எடுத்தான். நான் கதவுகிட்ட போனேன். "இருங்கண்ணே"ன்னான். என்னை ரோட்டோரமா நிக்க வெச்சுட்டு, தனியா முன்னாடி ஓட்டிக்கினு போயி, ஒரு மிதி மிதிச்சான். வண்டி ஒரு பக்கம் இழுக்காம, அலுங்காம நின்னுச்சு. எறங்கி நாலு சக்கரத்தையும் ஒரு சுத்து சுத்திப் பாத்தான். எனக்கு அப்பவும் வயிறு எரிஞ்சுதுப்பா, இன்னா வேலைக்காரன்டா இவன்னு. அவன் திரும்பி வந்து எனக்குக் கதவைத் தொறந்து வுட்டான்.

"இப்ப ஏறுங்கண்ணே."